தொப்பியைக் கழற்றிய பூட்டுக்காரருக்கு

பாரிஸ், ஆகஸ்ட் 1830

எங்கள் பத்திரிகைக்குத் துணைநின்ற எல்லாருக்கும்,

ஜூலை கடைசியில் மூன்று நாள் தெருவில் போராடி மன்னர் பத்தாம் சார்லஸை இறக்கினோம். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் நோத்ர்தாம் தேவாலயத்தின் அபாயமணிதான் கேட்கிறது. இந்த நடுக்கம் அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

நான் 'லெ தாம்' பத்திரிகையில் அச்சுக்கோப்பவன். ஜூலை 26 இரவு, பத்திரிகைகளை ஒடுக்கிய மன்னரின் ஆணைகளை எதிர்த்து 44 பத்திரிகையாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கையைக் கோத்த கைகளில் என் கையும் ஒன்று. மறுநாள், அச்சு இயந்திரங்களை முடக்கும் உத்தரவோடு போலீஸ் ஆணையர் ரிஷ்லியூ தெருவுக்கு வந்தார். அச்சுக்கூடத்தின் கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைக்க ஒரு பூட்டுக்காரரை அழைத்து வந்தார்கள்.

ஐயா, அது நீங்கள்தான். உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எங்கள் நிர்வாகி போத் வாசலில் நின்று, தண்டனைச் சட்டத்தைத் திறந்து வாசித்தார். பூட்டை உடைத்துத் திருடுபவனுக்குக் கடுங்காவல் என்கிற பிரிவு அது. குரல் நடுங்கவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர்கள். மறுத்தால் அன்றைய கூலி மட்டுமா போகும்? நீங்கள் தொப்பியைக் கழற்றி, போத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்ற நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

அடுத்து வந்தவராலும் காரியம் ஆகவில்லை. கடைசியில் கைதிகளுக்கு விலங்கு பூட்டும் கொல்லனைத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. கதவு திறந்தது, இயந்திரங்களைக் கழற்றிப் போட்டார்கள். ஆனால் அதற்குள் பல மணி நேரம் ஓடிவிட்டது. தெரு நிறைய ஜனம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. அச்சான தாள்களோ எப்போதோ கைமாறிப் போயிருந்தன.

மார்ச் மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். பிரதமர் போலிஞாக்கின் அமைச்சரவை மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று மக்களவையின் 221 உறுப்பினர்கள் மன்னருக்கு எழுதினார்கள். எதிர்த்தவர்கள் 181 பேர். அவைத் தலைவர் ருவாயே-கொலார் அதை மன்னர் முன்னால் வாசித்தார். அதில் ஒரு சொல்கூட மரியாதை தவறவில்லை. அவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் மறுத்தார்கள். மன்னர் அவையைக் கலைத்தார். தேர்தல் அவர்களையே இன்னும் பெருக்கி அனுப்பியது. அப்போதும் அவர் இறங்கி வரவில்லை. ஜூலையில் போட்ட அந்த ஆணைகளால் புது அவையைக் கூடவே விடாமல் கலைத்தார், பத்திரிகைகளின் வாயைக் கட்டினார். பணிந்து சொன்னதைக் கேட்டிருந்தால் லூவர் அரண்மனைக்கு முன்னால் இத்தனை குழிகள் தோண்ட வேண்டி வந்திருக்காது. இதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பொறுக்கவில்லை.

அந்த 221 பேருக்கும், அறிக்கையை எழுதிய பத்திரிகையாளர் தியேருக்கும், எதற்கும் பின்வாங்காத எங்கள் போத்துக்கும், தடுப்பரண்களில் எங்களோடு நின்ற பாலிடெக்னிக் மாணவர்களுக்கும், பெயர் சொல்லாமல் தண்ணீரும் ரொட்டியும் நீட்டிய தாய்மார்களுக்கும், காயம்பட்டவர்களை வாசல் திறந்து ஏற்றுக்கொண்ட வீடுகளுக்கும் தலை தாழ்ந்த நன்றி. மண்ணுக்குள் போனவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மொழி இல்லை.

தணிக்கையை இனி ஒருபோதும் கொண்டுவர முடியாது என்று புதிய சாசனத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்த வரியை நான் என் கையால் கோத்தேன். பிழை இருந்துவிடக் கூடாதே என்று மூன்று முறை படித்தேன். எனக்கு வாக்குரிமை இல்லை, வாக்களிக்க அரசுக்குக் கட்ட வேண்டிய அளவு வரிப்பணம் கட்டும் வசதி என்னிடம் இல்லை. ஆனால் சாசனத்தின் அந்த வாசகத்தை எடுக்கச் சொல்லி யார் வந்தாலும் என் விரல்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொடாது. இது உங்களிடம் நான் தரும் வாக்கு.

ஐயா, இதை நீங்கள் படித்தாலோ யாராவது படித்துக் காட்டினாலோ, ஒருநாள் ரிஷ்லியூ தெருவுக்கு வாருங்கள். அன்று உடைத்த பூட்டு அப்படியே கதவில் தொங்குகிறது. சரிசெய்ய வேறு யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை.