பறக்கும் நாளில் பயிற்றுநரைப் பறக்க விடுங்கள்: பயிற்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் விமானப்படையில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் பயிற்றுநர் படிப்பு முடித்தேன், ஹெச்.பி.டி-32, கிரண் என்ற பயிற்சி விமானங்களில் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தேன். பணியில் இருப்பவர்கள் இப்படி வெளிப்படையாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதனால் நான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் மதுரையிலும் தர்மபுரியிலும் இருந்து பிள்ளையை விமானப்படை அகாடமிக்கு அனுப்பிவிட்டு, "சோலோ போயிட்டானா?", அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறந்துவிட்டானா, என்று கேட்கக் காத்திருக்கும் அப்பா அம்மாவும் இதைப் படிக்க வேண்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஃபோன். என்னிடம் படித்த பையன். பையன் என்கிறேன், இப்போது அவனே மூத்த பயிற்றுநர். எந்தத் தளம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அவன் தலைதான் உருளும். அவன் குரலைக் கேட்டதுமே ஏதோ விபத்து என்று பயந்துவிட்டேன். விபத்து இல்லை. ஒரு கேடட்டின் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அதை அவனால் விழுங்க முடியவில்லை.

நடந்தது இது. அன்று காலை அவன் அந்தக் கேடட்டோடு பறந்திருக்கிறான். தரையிறங்கும் பயிற்சி. மூன்று முறையும் கேடட் ஓடுபாதைக்கு மேலே உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டான். விமானம் வேகம் இழந்து தொப்பென்று கீழே போகப் பார்த்திருக்கிறது, இவன் த்ராட்டிலைத் தள்ளி மறுபடி மேலே கொண்டுபோயிருக்கிறான். சரி, கற்றுக்கொள்கிற பிள்ளை செய்கிற தப்புதான் அது, இறங்கியதும் உட்கார்ந்து பேசினால் பாதி சரியாகிவிடும். இறங்கியதும் ஆள் வந்து நிற்கிறது: யாரோ பெரியவர் வருகிறாராம், அதற்காக மெஸ்ஸுக்கு வாங்கிய நாற்காலி மேசைக் கணக்கு இடிக்கிறதாம், உடனே வரவேண்டுமாம். மெஸ் பொறுப்பு இவனுக்குக் கூடுதல் வேலை. இவன் பறக்கும் உடையைக்கூட மாற்றாமல் ஓடியிருக்கிறான். அந்தக் கேடட் மதிப்பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறான். கடைசியில் டீபிரீஃபிங், அதாவது பறந்ததைப் பற்றி உட்கார்ந்து பேசுவது, நடந்தது எங்கே தெரியுமா? வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்துபோகிற வழியில். நான்கு நிமிடம்.

மறுநாள் வேறொரு பயிற்றுநரோடு அதே தப்பு. அதற்கடுத்த நாளும். அப்புறம் சோதனைப் பறத்தல், அதிலும் தேறவில்லை, இரண்டு வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டான். "அவனுக்கு நிஜமாகவே பறக்க வராதா, இல்லை நான் அவன்கிட்ட உட்கார்ந்து பேசாததாலயா சார்?" என்று அந்த மூத்த பயிற்றுநர் என்னிடம் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது, அந்த ஒன்றரை மணி நேரம் போனது போனதுதான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. பறக்கும் நாளில், கடைசி டீபிரீஃபிங் முடிந்து கையெழுத்து போடும் வரை, பயிற்றுநரை வேறு எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள்.

உங்களில் பலர் இந்த வேலையைச் செய்தவர்கள்தான், உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். என்னிடம் ஒரு பையன் இருந்தான், கிராமத்துப் பிள்ளை, எதைச் சொன்னாலும் "புரிந்தது சார்" என்பான். இதே தப்பு, உயரத்திலேயே மூக்கைத் தூக்குவது. மேலே நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், நானே இறக்கிக் காட்டினேன். "புரிந்தது சார்." மறுபடி அதே. ஒரு நாள் கீழே வந்து இரண்டு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, மேசை மேல் இருந்த மர விமானத்தை அவன் கையில் கொடுத்து, இறக்கிக் காட்டு என்றேன். மேசை விளிம்பை ஓடுபாதையாக வைத்துக் கொண்டுவந்தான். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானத்தின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற மேசையையே உற்றுப் பார்க்கிறான். ஓடுபாதையின் தூரத்து முனையை அவன் பார்க்கவே இல்லை. கிட்டத்தில் பார்த்தால் தரை உன்னை நோக்கிப் பாய்ந்து வருவது போலத்தான் இருக்கும், கை தானாகப் பின்னால் இழுக்கும். "எங்கேப்பா பார்க்கிறே?" என்று கேட்டேன். "தரையைத்தான் சார்" என்றான். எந்தத் தரையை என்று நான் அதுவரை கேட்டதே இல்லை! மறுநாள் காலை அவன் இறக்கியது எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது, சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அடுத்த வாரம் சோலோ போனான்.

அந்த டீக்கு நாற்பது நிமிடம் ஆனது. நாற்காலிக் கணக்கு பார்க்க என்னை அன்று யாரும் கூப்பிடவில்லை, அந்தப் பையனின் அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெச்.பி.டி-32-லும் கிரணிலும் பயிற்றுநரும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் அவன் விரல் வெளுத்துப்போவது எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறானா, கண் எங்கே போகிறது, எல்லாம் ஓரக்கண்ணில் தெரியும். இப்போது தொடக்கப் பயிற்சி நடக்கிற பிலாட்டஸ் விமானத்தில் மாணவன் முன்னால், பயிற்றுநர் பின்னால். பின்னால் இருப்பவனுக்குத் தெரிவது ஒரு ஹெல்மெட் மட்டும். அந்தப் பிள்ளையின் முகத்தை அவன் பார்ப்பது கீழே இறங்கிய பிறகுதான். அப்படியென்றால் கீழே பேசுகிற நேரம் முன்னைவிடக் கூட வேண்டாமா? அதைத்தான் குறைத்திருக்கிறோம்.

பயிற்றுநராவது எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காக ஒரு வார்த்தை. நன்றாகப் பறக்கத் தெரிந்தவனெல்லாம் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. படையில் சில ஆண்டுகள் பறந்து, போதுமான மணிநேரம் சேர்த்து, தேர்வாகி, பயிற்றுநர் பள்ளியில் ஏறத்தாழ ஆறு மாதம் மாணவனாக மறுபடி உட்கார வேண்டும். அந்தப் பள்ளி 1948 ஏப்ரலில் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் நம் தாம்பரத்துக்கு வந்தது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை விமானிகளும் நட்பு நாட்டு விமானிகளும் அங்கேதான் வந்து படிக்கிறார்கள். அங்கே கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பேச்சு. 'பேட்டர்' என்போம். கை ஒன்றைச் செய்யும் அதே நொடியில் வாய் அதைச் சொல்ல வேண்டும், ஒரு சொல் முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. விமானம் ஸ்பின்னில் சுழன்று, பூமி கண்ணாடிக்குள் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருக்கும்போது, குரலில் நடுக்கமே இல்லாமல் "ரட்டரை எதிர்ப்பக்கம் முழுக்க மிதி, இப்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளு" என்று பாடம் நடத்த வேண்டும். இரவில் அறைச் சுவரைப் பார்த்து பேட்டர் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வோம், பக்கத்து அறைக்காரன் தூக்கம் கெட்டுச் சத்தம் போடுவான். படிப்பு முடிந்ததும் கிடைப்பது அடிநிலைத் தரம்தான், அப்புறம் தேர்வுக் குழுவுக்கு முன்னால் எழுதியும் பறந்தும் காட்டித்தான் ஒவ்வொரு படியாக உச்சத் தரமான 'கேட் ஏ' வரை ஏற வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மாணவன் தப்புச் செய்கிறான், அதை அவனே கண்டுபிடித்துச் சரிசெய்ய விட வேண்டும், ஆனால் ஒரு நொடி அதிகமாக விட்டால் இரண்டு பேருக்கும் முடிந்துவிடும். அந்த ஒரு நொடி எது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அந்த முடிவை எடுக்கிறவன் மண்டைக்குள் மெஸ் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. முதல் உலகப்போரில் இங்கிலாந்தில், போர்முனையில் களைத்துப்போனவர்களைக் கொண்டுவந்து பயிற்றுநர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். மாணவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1917-ல் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி அதை மாற்றினார். இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில் ஸ்பின்னையும் மற்ற ஆபத்துகளையும் வேண்டுமென்றே காட்டி, அதிலிருந்து மீளக் கற்றுக்கொடுத்தார். மாணவன் காதுக்குப் பயிற்றுநர் குரல் போவதற்கு ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள், அதற்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. பயிற்றுநர் பேச வேண்டும், மாணவன் கேட்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழாயைப் போட்டுப் பிடித்த விஷயத்தை நாம் ஒரு நாற்காலிப் பட்டியலுக்காக விட்டுக்கொடுக்கிறோம்.

நம் நாட்டில் பயிற்சி என்றாலே காத்திரு என்றுதான் அர்த்தம். 1982-ல் விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டேன் குழு மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று சொன்னது, அப்படிப்பட்ட ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் ஆனது 2004-ல். இடைப்பட்ட இருபத்திரண்டு வருஷமும் நேரே வேகமான போர் விமானத்துக்குப் போன இளைஞர்களைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை, எழுதினால் நிறுத்த முடியாது. நான் பறந்த ஹெச்.பி.டி-32, பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோகிற விமானம். வெளியே குதிக்க இஜெக்‌ஷன் இருக்கையும் கிடையாது. 17 விபத்து, 19 உயிர். 2009 ஜூலையில் இரண்டு விமானிகள் இறந்த பிறகுதான் நிறுத்தினார்கள். அப்புறம் பிலாட்டஸ் வர 2013 ஆயிற்று, அதுவரை கிரண்தான் தொடக்கப் பயிற்சிக்கும். அந்த நாலு வருஷமும் சமாளித்தது யார்? பயிற்றுநர்கள்தான். 2023 டிசம்பர் 4 அன்று மேடக் மாவட்டத்தில் பிலாட்டஸ் விழுந்து ஒரு பயிற்றுநரும் ஒரு கேடட்டும் ஒன்றாகவே போனார்கள். 2015-ல் 486 ஆக இருந்த விமானிப் பற்றாக்குறை 2021 முடிவில் 596 ஆனது என்று தணிக்கை அறிக்கையே சொல்கிறது. விமானி குறைவு என்றால் பயிற்றுநரும் குறைவு, இருக்கிற பயிற்றுநர் தலையில்தான் எல்லாம். ஒவ்வொரு கேடட்டுக்கும் அரசு இவ்வளவு செலவழித்துவிட்டு, கடைசியில் பேசுவதற்கு நேரமில்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றால் வயிறு எரிகிறது ஐயா.

மன்னிக்க வேண்டும். விமானம் வாங்குவது உங்கள் கையில் மட்டும் இல்லை, அது எனக்குத் தெரியும். அதற்கு அமைச்சகம் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். நான் கேட்பதற்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஒரு உத்தரவு போதும்.

அதிகாரி என்றால் எல்லா வேலையும் செய்யத்தான் வேண்டும் என்பீர்கள். நானும் செய்தேன். மெஸ் பார்த்தேன், விளையாட்டு விழா நடத்தினேன், விசாரணைக் குழுவில் உட்கார்ந்தேன், அதிலெல்லாம் கற்றுக்கொண்டதும் உண்டு. கூடுதல் பொறுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பறக்காத நாள் எத்தனையோ இருக்கிறது, அன்றைக்குக் கொடுங்கள், சனிக்கிழமை கொடுங்கள், முழு மனசோடு செய்வார்கள். பறக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

அன்றைய பறக்கும் அட்டவணையில் சார்ட்டிக்கு, அதாவது ஒவ்வொரு பறத்தலுக்கும், நேரம் போடுகிற மாதிரியே டீபிரீஃபிங்குக்கும் நேரம் போடச் சொல்லுங்கள். இப்போது இரண்டு சார்ட்டிக்கு நடுவே இருக்கும் இடைவெளியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, அதுதான் கோளாறு. அட்டவணையில் எழுதிவிட்டால் அதில் கை வைக்க யாருக்கும் தயக்கம் வரும். அந்த நேரத்தில் பயிற்றுநரைக் கூப்பிட வேண்டுமென்றால் தலைமைப் பயிற்றுநரின் கையெழுத்து வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். இளம் அதிகாரியால் மேலே இருப்பவர்களிடம் "இப்போது வர முடியாது சார்" என்று சொல்ல முடியாது. உங்கள் உத்தரவு அவனுக்காகச் சொல்லட்டும்.

அந்த நாற்காலிக் கணக்கு என்ன ஆயிற்று என்று அவனிடம் கேட்டேன். வந்த பெரியவர் மெஸ்ஸுக்குள் வரவே இல்லையாம், நேரமில்லை என்று வண்டியில் இருந்தபடியே போய்விட்டாராம். நாற்காலிகள் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருக்கின்றனவாம்.

தயவுசெய்து அடுத்த வகுப்பு பறக்கத் தொடங்குவதற்குள் இந்த ஒரு உத்தரவைப் போடுங்கள். பறக்கும் நாளில், கடைசி டீபிரீஃபிங் முடியும் வரை, பயிற்றுநர் அவர் மாணவனுக்கு மட்டும்.

பணிவுடன்,
ஓய்வு பெற்ற பயிற்றுநர் ஒருவன்