கிருணாவிலிருந்து செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. நான் பத்து நாளாக மகள் வீட்டில், சுவீடனின் வடகோடியில், கிருணாவில் இருக்கிறேன். குளிரைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

முந்தாநாள் இரவு துருவ ஒளியைப் பார்த்துவிட்டேன்! முதலில் வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. மேகம் என்றே நினைத்தேன். சட்டென்று பச்சையாகி, கீழ்விளிம்பு கூர்மையாகி, கொடியில் காயும் சேலை காற்றில் நெளிவது போல நெளிந்தது. காலடியில் கிடந்த பனிகூடப் பச்சையாகத் தெரிந்தது.

உடனே உன் ஞாபகம்தான். 1978-ல் விடுதி மொட்டை மாடியில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்களை மின்னழுத்தம்தான் கீழே தள்ளுகிறது என்றேன் நான். பூமியின் காந்தப்புலக் கோட்டின் வழியே எலக்ட்ரான்கள் தடையில்லாமல் ஓடுமே, அந்தக் கோட்டின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் எப்படி நிற்கும், உடனே சமனாகிவிடாதா என்றாய். என்னிடம் பதில் இல்லை. சுவீடன் இயற்பியலாளர் ஆல்ஃப்வேன், மின்னழுத்தம் நிற்கும் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லிவந்தார், பலர் நம்பவில்லை.

ஆனால் நாம் சண்டை போட்டபோதே பதில் வந்துவிட்டிருந்தது, செல்வம். 1976-ல் அமெரிக்கர்கள் ஏவிய எஸ்3-3 செயற்கைக்கோள் துருவ ஒளிக்கு மேலே பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது, மிக வலுவான மின்புலங்களைக் கண்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மோசர் என்பவரின் குழுவினர் அதை 1977-ல் வெளியிட்டார்கள்.

அளந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செயற்கைக்கோள் தன்னைத்தானே சுற்றும். அந்தச் சுழற்சியின் வேகத்தில் நீளமான கம்பிகள் வெளியே விரிந்து விறைப்பாக நிற்கும். நுனியில் சின்ன உருண்டைகள். எதிரெதிர் உருண்டைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் என்று பார்த்து இடைவெளியால் வகுத்தால் மின்புலம். நம் ஆய்வகக் கணக்கேதான்!

1996-ல் துருவ ஒளியை ஆராய ஃபாஸ்ட் என்ற செயற்கைக்கோள் வந்தது. கம்பிகள் காட்டிய மின்புலத்தை வைத்துக் கணக்கிட்ட வோல்ட்டும், மேல்நோக்கிப் பாயும் அயனிகளிடம் (எலக்ட்ரானை இழந்த அணுக்கள்) இருந்த ஆற்றலும் ஒத்துப்போயின. வெவ்வேறு கருவிகள், ஒரே விடை. எலக்ட்ரானைக் கீழே தள்ளும் அதே மின்னழுத்தம்தானே நேர்மின் அயனியை மேலே தள்ளும்?

உன் கேள்விக்கு வருகிறேன். அந்த உயரத்தில் துகள்கள் குறைவு. கீழே வரவரக் காந்தப்புலம் வலுப்பதால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் பாதியிலேயே திரும்பிவிடும். ஆனால் மின்னோட்டம் போயாக வேண்டும். அதனால் சில ஆயிரம் வோல்ட் உருவாகி, தேவையான எலக்ட்ரான்களைக் கீழே இழுக்கிறது. அவை சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களில் மோதுகின்றன. நான் பார்த்த பச்சை அதுதான்.

அப்புறம், ஒளியின் நடுவே கரும்பட்டைகளும் தெரிந்தன. அங்கே எல்லாம் தலைகீழ்: எலக்ட்ரான்கள் மேலே ஓடும். கிளஸ்டர் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தபோது, அப்படி ஒரு மின்புலம் சில நிமிடங்களில் வளர்ந்து மறைந்ததைப் பார்த்திருக்கின்றன.

ஃபாஸ்ட் எடுத்த வரைபடம் ஒன்றை அச்சிட்டு வைத்திருக்கிறேன். எலக்ட்ரான் ஆற்றல் கூரை முகடு மாதிரி ஏறி இறங்கும். தை மாதம் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் வீட்டு மாடியில் பாயை விரித்து வை.

அன்புடன்,
ராமு