கீதரோன் ஆற்றைக் கடந்தவன்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சபைக் கணக்கில் குழப்பம், பாதிப் பேர் சபையை விட்டுப் போய்விட்டார்கள், பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டருக்குக் குரல் கம்மிவிட்டது என்றாய். "நானும் விலகிடவா அம்மா?" என்று கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை.

காலையில் பைபிளில் இரண்டாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிய பெற்ற பிள்ளை அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா எருசலேமை விட்டு ஓடுகிற இடம். தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவமலை ஏறுகிறார். எத்தனையோ தடவை வாசித்ததுதான். இந்தத் தடவை என் கண் ஈத்தாயிடம் போய் நின்றுவிட்டது. அவன் காத் ஊர்க்காரன், கோலியாத்தின் ஊர். "நீ அந்நியன், நேற்றுதான் வந்தாய், உன்னை ஏன் அலைய வைக்க வேண்டும், திரும்பிப் போ" என்று ராஜாவே வழிவிடுகிறார். விலக இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? செத்தாலும் பிழைத்தாலும் ராஜா இருக்கிற இடத்தில்தான் இருப்பேன் என்றுவிட்டான்.

அடுத்த வசனத்தை இத்தனை வருஷம் கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன். அவனோடு பிள்ளைகளும் போனார்களாம்! எருசலேமுக்கு வெளியே, கீதரோன் ஆற்றங்கரையில் எந்தத் தாய் எந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளோ.

தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேல் அப்சலோம் பக்கம் போனான். அவன் ஆலோசனை தேவனுடைய வாக்கு மாதிரி மதிக்கப்பட்டது, அவ்வளவு பெரிய ஆள். ஆனால் அவனையும் நான் சும்மா திட்டமாட்டேன். அவன் மகன் பேர் எலியாம். பத்சேபாளின் அப்பா பேரும் எலியாம். இரண்டும் ஒரே ஆள் என்றால், தாவீது கெடுத்தது அவனுடைய பேத்தியை. விலகிப் போகிறவர்களுக்கும் காயம் இருக்கும். உங்கள் சபையில் போனவர்களைப் பற்றியும் இதை நினைத்துக்கொள்.

கூட இருப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதே. பத்சேபாளின் புருஷன் உரியாவைச் சாகக்கொடுக்கச் சொல்லி தாவீது எழுதிய கடிதத்தைப் படைத்தலைவன் யோவாப் ஒரு கேள்வியும் கேட்காமல் நிறைவேற்றினான். அதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று அந்தத் தப்பைத் தாவீதின் முகத்துக்கு நேரே சொன்னது தீர்க்கதரிசி நாத்தான். சொல்லிவிட்டு அவர் அப்சலோமோடு சேரவுமில்லை. தாவீதின் கடைசிக் காலத்திலும் அரண்மனையில் நிற்கிறவர் அவர்தான். கணக்கில் குழப்பம் என்கிறாயே, அதைப் பாஸ்டரிடமே போய்க் கேள். வராண்டாவில் நின்று பேசாதே. தப்பு இருந்தால் மறைக்க உதவாதே. ஒத்துக்கொள்ள வேண்டிய நாளில் பக்கத்தில் இரு.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்போதைய பாஸ்டர் மேல் ஒரு பழி வந்தது. விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள். நடந்தது எனக்குத் தெரியும். எழுந்து இரண்டு வார்த்தை சொன்னாலே போதும். தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அப்புறம் அவர் ஊரை விட்டுப் போகிற அன்று வீட்டு வாசலுக்கு வந்து, "தலைவலி சரியாயிருச்சாம்மா?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே விசாரித்தார். அதுதான் இன்னும் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போ. வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே உட்கார், கடைசி வரிசைக்கு நழுவாதே. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் போய்ப் பேசு. இத்தனை களேபரத்தில் அவரை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் போன் பண்ணு.

அம்மா