அம்மாவுக்குக் கையும் காலும் பேச்சும் மீட்டுத் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சூளகிரிப் பக்கம் வாதம் அடித்துப் படுத்தவர் எழுந்து நடந்துவிட்டால், "செஞ்ச புண்ணியம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். புண்ணியம் இருக்கட்டும். எங்கள் அம்மா எழுந்ததற்குப் பின்னால், அதற்கென்றே வருஷக்கணக்கில் படித்துவிட்டு வந்த சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. அதனால்தான் நேரில் சொன்ன நன்றியை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை மறக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் கொடுத்தது மாத்திரைச் சீட்டும், "நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்ற ஒரு வார்த்தையும்தான். அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரெஸ்ட் எடுத்திருந்தால் அம்மா இன்னும் கட்டிலில்தான் கிடந்திருப்பார்.

வழி சொன்னது ஆஸ்பத்திரி இல்லை, எங்கள் தெருவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர் அக்கா. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு என்பது எனக்கு அந்த அக்கா சொல்லித்தான் தெரியும். அக்கா, நீங்கள் பக்கத்து வீட்டோடு திரும்பிப் போயிருக்கலாம். எட்டிப் பார்த்தீர்களே, அதற்கு நன்றி.

அப்புறம் பிசியோ தம்பி வந்தார். முதல் நாள் அம்மாவைத் தொடுவதற்கு முன்னால் எங்களைத்தான் திட்டினார். அம்மாவை உட்கார வைக்க நாங்கள் விழுந்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். "அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் மூட்டு எறங்கிடும்" என்று சொல்லி, முதுகுக்குப் பின்னால் எப்படிக் கை கொடுப்பது என்று காட்டினார். கட்டில் ஓரத்தில் உட்காருவது, எழுந்து நிற்பது, உடம்பின் பாரத்தை வலது காலுக்கு மாற்றுவது என்று ஒவ்வொன்றாகப் போனது. ஊன்றுகோல் இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவில்லாத கால் முதலில். இதை அம்மாவை விட என் பையன் நன்றாக மனப்பாடம் செய்துவிட்டான். நரம்பு எண்ணெய் தேய்த்தால் பத்தே நாளில் நடப்பார் என்று ஒருவர் வந்து பேரம் பேசியபோது, அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "நாலரை வருஷம் படிச்ச எனக்கே அந்த தைரியம் வரலைங்க" என்றார்.

நடந்தால் போதும், வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். ஓசூரில் பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடம், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர், அப்படி நினைக்கவில்லை. இந்த வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. "பெரியம்மா காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வாங்க?" என்று கேட்டு வரிசையாக எழுதிக்கொண்டார். பல் தேய்ப்பது, ஜாக்கெட் போடுவது, களி கிண்டுவது. அந்தப் பட்டியல்தான் சிகிச்சை. ஜாக்கெட்டில் விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ தைக்கச் சொன்னார். களி கிண்டுகிற கட்டைக்குப் பழைய துணியைச் சுற்றிப் பிடியைப் பருமனாக்கினார். முதலில் அடுப்பு கிடையாது. தரையில் வெறும் பானை, அதில் இரண்டு படி ராகி. வலது கையைக் கட்டையில் வைத்து, மேலே இடது கையால் அழுத்திப் பிடித்துச் சுற்ற வேண்டும். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சுற்றினார். பிறகு மாவு, பிறகு சுடுதண்ணீர், கடைசியில்தான் அடுப்பு. இப்போதும் பாதிக்கு மேல் இடது கைதான் வேலை செய்கிறது, களியில் கட்டியும் விழுகிறது. சாப்பிடுகிறோம். மேடம், உங்களைப் போல ஒருவர் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் காதில் இது விழட்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த இன்னொரு தம்பி முதலில் பேச்சையே தொடவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொண்டையைத்தான் கவனித்தார். அம்மாவுக்கு இருமல் வந்தது, குரல் சளி கட்டியது போல மாறியது. தண்ணீர் வேகமாக இறங்குவதால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், நிமோனியா வரும் என்றார். கொஞ்ச நாள் கெட்டியான ராகிக் கூழ்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கீழே இறக்கி, சின்னச் சின்ன வாயாக விழுங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்கக் கூடாது, எங்கள் வீட்டில் அதுதான் பெரிய கஷ்டம். அதன் பிறகுதான் பேச்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை அம்மா கடகடவென்று சொல்வார். ஆனால் சொம்பைக் காட்டினால் பெயர் வராது. பழக்கத்தில் வரிசையாக வருவது தங்கிவிடும், யோசித்து எடுக்க வேண்டிய சொல்தான் சிக்கும் என்று தம்பி விளக்கினார். அம்மா பிறந்த வீட்டில் தெலுங்கு என்று தெரிந்ததும் இரண்டு மொழியிலும் வேலை செய்தார். தண்ணீருக்கு அம்மா முதலில் சொன்னது "நீள்ளு". தம்பி கைதட்டிவிட்டார்.

சேலத்தில் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட் செய்து கொடுத்த அண்ணாவுக்கும் நன்றி. தொங்கிப்போன பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன் மேல் படிய வைத்துச் செய்வதை அருகில் இருந்து பார்த்தேன். ஓரம் உரசியதும் சலிக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்தார். அம்மா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில் வந்து உட்கார்ந்த மனநல ஆலோசகர் அக்காவுக்கும்.

இதைக் கேட்டு ப்ளஸ் டூ படிக்கிற எங்கள் தெருப் பிள்ளைகள், "நாங்களும் இது படிக்கலாமா?" என்கிறார்கள். தாராளமாக. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு மற்றும் செவித்திறன், செயற்கைக் கால் மற்றும் ஸ்பிளின்ட் செய்வது, எல்லாமே தனித்தனிப் பட்டப்படிப்பு, கடைசியில் கட்டாயப் பயிற்சிக் காலமும் உண்டு. பேச்சுப் பயிற்சி, ஸ்பிளின்ட், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர் வேலை ஆகியவை 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வருகின்றன, அதில் பதிவு எண் வாங்க வேண்டும். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021-இல் வந்த வேறொரு சட்டத்தின் கீழ் வருகின்றன. ஃபீஸ் கட்டும் முன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாத சர்டிபிகேட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலை, பொறுமை இல்லாதவர்களுக்குச் சரிப்படாது.

வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோ அண்ணாவை விட்டுவிட்டால் அம்மா என்னைத் திட்டுவார். அவருக்கும் நன்றி.

வாக்கரும், கீழே ஓட்டை வைத்த நாற்காலியும் வீட்டில் சும்மா இருக்கின்றன. சூளகிரி, பேரிகைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். காசெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
மூத்த மகள்