வட்டார சமூக அறிவியல் ஆசிரியர் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். பத்தாம் வகுப்பு வரலாற்றை ஜனவரி வரை நடத்தி முடிப்பது, அதற்கப்புறம் திருப்புதல் என்ற பெயரில் பிள்ளைகளை எழுத வைப்பது என்று ஆண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாடம் நடத்தும் நாளிலேயே விடை எழுதும் பயிற்சியும் சேர்ந்து வரும்படி பாடக்குறிப்பு எழுத வேண்டும். இதுதான் அந்தத் தீர்மானம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அந்த ஒரு வேலையைப் பற்றியதே. மற்றவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. உறுப்பினர் கூட்டம் வழக்கம்போல இரண்டாம் சனிக்கிழமைகளில் நடந்தது. மழையால் டிசம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. பணி நிறைவு பெற்ற இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு ஏப்ரலில் பாராட்டு விழா நடத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இடம் கொடுத்த பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேநீர் ஏற்பாடு செய்த நண்பர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் முந்தைய ஆண்டின் அரையாண்டு விடைத்தாள்களில் சிலவற்றை, பெயரை மறைத்து, கொண்டுவந்திருந்தோம். பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்து, வேலூர் புரட்சி, அதாவது வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கலகம், பற்றிய ஐந்து மதிப்பெண் விடைகளை மட்டும் படித்தோம். ஒரு பள்ளியில் காரணங்களைக் கேட்டிருந்தார்கள், இன்னொரு பள்ளியில் விளைவுகளை. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் எழுதியிருந்தார்கள். புதிய தலைப்பாகை, ஜூலை 10, 1806, கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டது, கலகத்தை அடக்க கில்லஸ்பி வந்தது, திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. எதுவும் தப்பில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான், உழைத்த பிள்ளைகள்தான். கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லைப் பார்த்து, எதை எடுக்கணும், எதை விடணும் என்று தீர்மானிக்க நாம் சொல்லித் தரவில்லை. அன்று அந்தப் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது உறுத்தியது.

நமது சமூக அறிவியல் தாள் நூறு மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2. ஐந்து, எட்டு மதிப்பெண் வினாக்களை மட்டும் கூட்டினால் 66 மதிப்பெண் வருகிறது. அதில் பொருத்துக, கோடிட்ட இடம், வரைபடம் எல்லாம் அடக்கம் என்றாலும், ஒரு பிள்ளை நல்ல மதிப்பெண் எடுப்பதும் எடுக்காததும் பத்தி பத்தியாக எழுதுமிடத்தில்தான் முடிவாகிறது. நாமோ ஆண்டு முழுக்க ஒரு மதிப்பெண் வினாவுக்கே அதிகம் பயிற்சி கொடுத்து வந்தோம். திருத்த எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதல் மாதிரிப் பாடத் திட்டத்துக்கு ஆறாவது அலகை எடுத்துக்கொண்டோம். பாளையக்காரர் எதிர்ப்பும் வேலூர் புரட்சியும் வரும் அலகு அது. நம் மண்ணில் நடந்த கதை என்பதால் பிள்ளைகளுக்கும் ஆர்வம் இருக்கும் என்று நினைத்தோம். பாடக்குறிப்பைப் பின்னாலிருந்து எழுதினோம். அலகு முடியும்போது பிள்ளை எந்த ஐந்து மதிப்பெண் விடையையும் எந்த எட்டு மதிப்பெண் விடையையும் புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம். அதற்கு என்ன தெரிய வேண்டும், எதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று அதன் பிறகே பாடவேளைகளைப் பிரித்தோம்.

வேலூர் புரட்சிக்கான முதல் பாடவேளையில் துண்டுச் சீட்டுகள் கொடுத்தோம். குறைந்த சம்பளம், பதவி உயர்வு இல்லாமை, சமயக் குறிகளும் காதணியும் கூடாது என்ற உத்தரவு, தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை, மே மாதமே எதிர்ப்புக் காட்டியவர்களுக்குக் கிடைத்த கசையடி, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள், இப்படி ஒவ்வொரு சீட்டிலும் ஒரு செய்தி. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து அவற்றை நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம் என்று பிரிக்க வேண்டும். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்தார் என்ற சீட்டையும் வேண்டுமென்றே நடுவில் கலந்து வைத்தோம். நான் பார்த்த வகுப்பில் ஆறு குழுக்களில் நான்கு குழுக்கள் அதை உடனடிக் காரணத்தில் வைத்தன. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "சார், அவர் வந்தது கலகம் நடந்ததுக்கு அப்புறம்தானே, அது எப்படிக் காரணம் ஆகும்?" என்று கேட்டாள். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு நான்கு குழுவும் அந்தச் சீட்டை எடுத்து வெளியே வைத்தன. முன் நடந்ததையும் பின் நடந்ததையும் பிரித்துப் பார்ப்பதே காரணம் எழுதுவதன் முதல் படி என்று நான் தனியாக விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் எழுத்துக்கு. ஒரே ஒரு காரணம், ஒரே ஒரு பத்தி. விதி ஒன்றுதான்: செய்தியைச் சொன்ன கையோடு "அதனால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வர வேண்டும். ஒரு மாணவன் முதலில் எழுதியது இது: "புதிய தலைப்பாகை அணியச் சொன்னார்கள்." அதே மாணவன் இரண்டாவது முறை எழுதியதை அப்படியே தருகிறேன்: "புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம் இருந்தது. அது எந்த விலங்கின் தோல் என்று தெரியாததால் இந்து சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சந்தேகப்பட்டார்கள். அதனால் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தார்கள்." இலக்கணம் கொஞ்சம் தட்டினாலும் இது வரலாற்று விடை. முதல் வாக்கியத்துக்கு நான் அரை மதிப்பெண் போட யோசிப்பேன். இரண்டாவதற்கு முழு மதிப்பெண் போட எனக்குத் தயக்கமே இல்லை.

கோட்டைக்கு அருகிலுள்ள பள்ளிகள் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போனோம். போகும் வழியில் மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூணைப் பார்த்தோம். அகழியின் அகலத்தையும் மதிலின் கனத்தையும் பார்த்துக்கொண்டே வந்த ஒருவன், "கோட்டையையே பிடிச்சுட்டாங்க, திப்பு கொடியையும் ஏத்திட்டாங்க, அப்புறம் எப்படி சார் தோத்தாங்க?" என்றான். வாசலருகே நின்றபடியே பேசினோம். கோட்டையைப் பிடித்தவர்கள் வாசலைக் காக்கத் தவறியது, அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஒரு தலைமை இல்லாதது, காலைக்குள் ஆற்காட்டிலிருந்து படை வந்து சேர்ந்தது என்று அவர்களே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். திங்கள்கிழமை அதையே எட்டு மதிப்பெண் வினாவாகக் கொடுத்தோம்: "வேலூர் புரட்சி தோல்வியுற்றதற்கான காரணங்களையும் அதன் விளைவுகளையும் ஆராய்க." உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது, ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டது ஆகியவற்றை விளைவுப் பக்கத்தில் சரியாகப் பிரித்து எழுதிய பிள்ளைகள் பலர். அந்த விடைத்தாள்களை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதே அலகில் 1801 ஜூன் மாதத் திருச்சிராப்பள்ளி அறிக்கைக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கினோம். மருது சகோதரர்களின் அந்த அறிக்கை திருச்சியில் நவாபின் அரண்மனைச் சுவரிலும், திருவரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. ஏன் அந்த இரண்டு இடம் என்று மட்டும் கேட்டோம். யார் படிக்க வேண்டும் என்று நினைத்து ஒட்டினார்கள் என்ற யோசனை அதிலிருந்தே பிறந்தது. தேர்வில் இந்தக் கேள்வி இப்படியே வராது. ஆனால் ஒரு சான்றைப் பார்த்து, யார், யாருக்கு, எதற்கு என்று கேட்கப் பழகிய பிள்ளை, அறிக்கையின் முக்கியத்துவத்தை எழுதச் சொன்னால் வரிகளை ஒப்பிக்காமல் எழுதும்.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். அரையாண்டுக்கு முன் மன்றம் தயாரித்த மாதிரி வினாத்தாளில் 1920 முதல் 1940 வரை காலக்கோடு கேட்டிருந்தோம். விடைக்குறிப்பில் "சைமன் குழு – 1927" என்று நான்தான் போட்டேன். 1928 என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் மதிப்பெண் கொடுத்தார்கள், சில பள்ளிகளில் கொடுக்கவில்லை. ஒரு பள்ளியில் பெற்றோர் வந்து கேட்கும் அளவுக்குப் போனது. அந்தக் குழு அமைக்கப்பட்டது 1927 நவம்பரில். பம்பாயில் வந்திறங்கியது 1928 பிப்ரவரி 3 அன்று. இரண்டு பேர் எழுதியதும் சரி, குறிப்பு எழுதிய நான்தான் தவறு செய்தேன். மதிப்பெண் இழந்த பிள்ளைகளிடம் உறுப்பினர்கள் மூலம் மன்னிப்புக் கேட்டோம். அதிலிருந்து, காலக்கோட்டில் ஆண்டோடு வினைச்சொல்லும் சேர்ந்தே வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். சைமன் குழு அமைப்பு 1927, சைமன் குழு வருகை 1928, பூனா ஒப்பந்தம் கையெழுத்து 1932, மாகாணத் தேர்தல் 1937 என்று எழுதுகிறார்கள். உப்புச் சத்தியாகிரகத்திலும் இது உதவியது. தண்டி நடைப்பயணம் தொடங்கியது 1930 மார்ச் 12. உப்பு எடுத்தது ஏப்ரல் 6. அதே ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார். மூன்றையும் ஒரே கோட்டில் வைத்ததும், அங்கே நடந்தது இங்கே எவ்வளவு சீக்கிரம் பரவியது என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தண்டியைக் கட்ச் பக்கம் கொண்டுபோய் வைக்கும் வழக்கம் குறைந்திருக்கிறது. சூரத்துக்குக் கீழே, கடலோரம் என்று வாயால் சொல்லிவிட்டுப் புள்ளி வைக்கும் முறை பலன் தந்தது. அவ்வளவுதான்.

பாடம் முடியுமா என்ற கவலையை செப்டம்பர் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பினார். அவர் சொன்னது நியாயமே. வகுப்பில் பத்து நிமிடம் எழுத விட்டால், புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாவற்றையும் அதே ஆசிரியர் எப்போது முடிப்பார்? காலாண்டுக்குள் பல பள்ளிகள் ஒரு அலகு பின்தங்கின, என் பள்ளியும் அதில் ஒன்று. அக்டோபரில் உட்கார்ந்து, இரு போர்களுக்கு இடைப்பட்ட உலகத்தையும் இரண்டாம் உலகப்போரையும் தனித்தனி அலகாக நடத்தாமல் ஒரே சங்கிலியாகக் கோர்த்தோம். 1919 ஜூன் 28 வெர்சேல்ஸ் உடன்படிக்கை, இழப்பீட்டுச் சுமை, 1929 பொருளாதாரப் பெருமந்தம், வேலையின்மை, 1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலரானது, 1939 செப்டம்பர் 1 போலந்துப் படையெடுப்பு. கரும்பலகையில் ஒரு கோடு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு "அதனால்". ஒரே செய்தியை இரண்டு அலகில் இரண்டு முறை சொல்வது நின்றது, பாடவேளைகளும் மிச்சமாயின. பிப்ரவரியில் எல்லோரும் பாடத்தை முடித்திருந்தோம்.

திருத்தும் சுமை இன்னும் தீரவில்லை. மூன்று பிரிவு எடுக்கும் ஆசிரியர் தினமும் நூற்றுக்கு மேற்பட்ட பத்தியைத் திருத்த முடியாது. பிள்ளைகளே நோட்டை மாற்றிக்கொண்டு, "அதனால்" வரும் இடத்தில் கோடிட்டு, அந்தத் தொடர்பு சரியா என்று மட்டும் பார்ப்பது. ஆசிரியர் தினம் பத்து நோட்டை முறை வைத்துப் பார்ப்பது. இப்போதைக்கு இதுதான் ஏற்பாடு. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு எழுதும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல விட்டோம். பேச்சில் "அதனாலதான்" என்று இயல்பாகச் சொல்லும் பிள்ளைக்கு அதைத் தாளில் இறக்கத்தான் கை வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். ஐந்து மதிப்பெண் வினாவை வெறுமனே விட்டுவைத்த பிள்ளைகள் இரண்டு பத்தியாவது எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காகவே இந்த உழைப்பு தகும் என்பது என் கருத்து.

கைடு விடையை வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வைக்கச் சொல்லி உறுப்பினர் ஒருவருக்கு அவர் பள்ளியில் நெருக்கடி வந்தது. மன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளைகள் எழுதிய பத்திகளை எடுத்துக்கொண்டு இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். பேச்சு சுமுகமாக முடிந்தது.

வரும் ஆண்டுக்கு எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது அலகுகளுக்கு இதே முறையில் பாடக்குறிப்பு எழுத மூன்று குழுக்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பத்தாவது அலகை எடுக்கும் குழு, 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தொடங்கியதிலிருந்து 1925இல் சுயமரியாதை இயக்கம் வரையிலான பகுதியில் தொடங்கட்டும். இந்த முறையை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கொண்டுவரலாமா என்பதையும் பொதுக்குழு இன்று விவாதித்து முடிவு செய்ய வேண்டுகிறேன்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் தத்தம் வகுப்பிலிருந்து ஐந்து விடைத்தாள்களை, பெயரை மறைத்து, கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றாக எழுதியது மட்டும் வேண்டாம், நடுவில் நின்றுபோன விடைகளும் வேண்டும். விடைக்குறிப்புகளை இனி இரண்டு பேர் சரிபார்த்த பிறகே அனுப்புவோம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்