கணவன்மாரைச் சோதிக்கவும் வழி பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்து லெனகாபவிர் பற்றிய செய்தியை வாசித்தேன். தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் அதிகமான இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. பெரிய விடயம்தான். ஆனால் ஊசிக்கு முன் சோதனை வேண்டுமே. களுவாஞ்சிகுடிப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் என்பதால் என் கவலை அங்கேதான் நிற்கிறது.

நம் இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கிலேயே எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு இது தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. சரி, தகப்பன்? அவர் கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போன் பார்ப்பார். "நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுங்க தம்பி" என்றால், "எனக்கென்ன மிஸ், நான் அப்படியான ஆளா?" என்று சாவியைத் திருகுவார். கட்டாருக்கோ சவூதிக்கோ திரும்பிப் போக இருப்பவர் இன்னும் பயப்படுவார். தொற்று இருந்தால் அங்கே விசா கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

தொற்று மிக அதிகமுள்ள ஆபிரிக்க நாடுகளிலும் ஆண்களைச் சோதனைக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கென்யாவின் கிசுமுவில் கிளினிக்குக்கு வந்த தாய்மாரிடம், ஈறில் தடவிப் பார்க்கும் சோதனைக் கருவியைக் கணவனுக்கென்று கொடுத்துவிட்டார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி பத்தில் ஒன்பது கணவன்மார் சோதித்துக்கொண்டார்கள். அழைப்புச் சீட்டு மட்டும் கொண்டுபோன வீடுகளில் ஏறக்குறைய பாதிப்பேர்தான்.

அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. தொற்றுக் குறைந்த நாட்டில் கருவியை நீட்டினாலே "என்னைச் சந்தேகப்படுறியா?" என்று சண்டை வரும். ஆனால் எங்கள் பக்கம் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெரும்பாலும் பெண் வீட்டில்தான் இருக்கிறார். சண்டை வந்தாலும் அவளுக்குப் பக்கத்தில் தாயும் சகோதரிகளும் உண்டு. அது உதவுமா, அல்லது மாமியார் அறிந்து ஊரே அறிந்துவிடுமா? கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் இதை ஆய்வுக்கு எடுக்கலாமே. சுகாதாரத் திணைக்களம் முதலில் இரண்டு மூன்று கிளினிக்குகளில் செய்து பார்க்கட்டும். கேட்கப் போகிறவர்கள் பெண்களோடு நிறுத்தாமல், கேற்றுக்கு வெளியே நிற்கும் அந்தத் தம்பிமாரிடமும் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.