அரையாண்டுத் தேர்வுக்கும் எழுத ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைச் செய்திகள் வரும். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜூனிலிருந்து அதுவரை அந்தப் பிள்ளைகள் எப்படித் தேர்வு எழுதினார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

என் மகளுக்குப் பெருமூளை வாதம். பேச்சு தெளிவாக இருக்கும், கைதான் ஒத்துழைக்காது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல்கள் மடங்கி இறுகிவிடும். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் எழுத ஆள் கேட்டால் பள்ளியில், "அதெல்லாம் பப்ளிக் எக்ஸாமுக்குத்தான் சார், இப்போ முடிஞ்ச வரைக்கும் எழுதட்டும்" என்கிறார்கள். பாதித் தாளோடு மணி அடித்துவிடும். அந்த மார்க்கை வைத்து சுமாராகப் படிக்கிற பிள்ளை என்று பேரும் வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் பத்தாம் வகுப்பில் முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்காருவார். அந்தப் பாடம் நடத்தாதவராக இருப்பார், சரி, அது நியாயம்தான். ஆனால் சொல்லி எழுதவைப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். வரலாற்றை எப்படியோ சொல்லிவிடலாம், கணக்கை? வர்க்கமூலக் குறி எந்த எண் வரை நீள வேண்டும், அடைப்புக்குறியை எங்கே மூட வேண்டும், பின்னத்தில் கோட்டுக்குக் கீழே எது வரும் என்று வாயால் சொல்லிக்கொண்டே அடுத்த படியையும் மனதில் பிடித்துவைத்திருக்க வேண்டும், கையால் போட்டுப் பழகிய நமக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. இதைப் பொதுத்தேர்வு அறையிலா முதன்முதலாகச் செய்து பார்ப்பது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17ஆவது பிரிவில் எழுத ஆளும் கூடுதல் நேரமும் தேர்வு முறையில் செய்ய வேண்டிய மாற்றங்களாகவே வருகின்றன. பொதுத்தேர்வுக்கு மட்டும் என்று அதில் இல்லை. 40 சதவீதமாவது பாதிப்பு இருப்பதாகச் சான்றிதழ் கொண்டு வா என்று சொல்பவர்களும் உண்டு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப்பணித் தேர்வுக்காகப் போட்ட வழக்கில், அந்த 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத ஆள் மறுக்கக்கூடாது என்று 2021 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லாத் தேர்வுக்கும் இது கட்டாயம் என்று. பெரிய செலவும் இல்லை, கீழ் வகுப்பு மாணவர் ஒருவர் உட்கார்ந்தாலே வேலை நடக்கும். அதையும் அரையாண்டுக்கு முன்னால் அனுப்பினால் இந்த வருஷம் பத்தாவது படிப்பவர்களுக்கு ஒரு தடவையாவது பழகிப் பார்க்க முடியும்.

ஒரு மாணவியின் தந்தை,
விழுப்புரம்